பேட்டா கொடுக்காமல் லாரி கிளம்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு படமாவது இப்படி வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் ஒரு கோப்பை, கோப்பைக்குப் பின்னால் தலைமையாசிரியர், அவருக்கு இரண்டு பக்கமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர்கள். கீழே 'மாநிலப் போட்டிக்குத் தகுதி' என்று இரண்டு வரி. நான் அந்தப் படங்களில் கோப்பையைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் கழுத்தில் விசிலோடு நிற்கிற பி.டி. ஆசிரியரைத்தான் பார்ப்பேன். எல்லாரும் சிரிக்கும்போது அவர் மட்டும் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். அது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போய்வருகிற செலவுக் கணக்கு. சென்ற ஆண்டு அப்படி ஒரு கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான்.

கடலூர் முதுநகரில் ஒரு மண்டியில் 41 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். மல்லாட்டை (நிலக்கடலை), எள், உளுந்து எங்கள் சரக்கு. வயது 68. முதலாளியின் மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான் என்றாலும் அன்றாடச் சிட்டை இன்னும் என் கையெழுத்தில்தான் ஓடுகிறது. என் பேத்தி ஒரு அரசு மகளிர் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்தாள். வாலிபால் டீமில் செட்டர், அதாவது அடிக்கிறவளுக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கிறவள். சுற்றறிக்கையில் கையுந்துபந்து என்று இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையும் இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இந்தப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தடகளத்துக்குக் குடியரசு தினப் போட்டி, குழு ஆட்டங்களுக்குப் பாரதியார் தினப் போட்டி என்று பள்ளிக் கல்வித் துறை வருஷா வருஷம் நடத்துகிறது. முதலில் குறுவட்டம் (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள்), அதில் ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம். அதற்கும் மேலே போனால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமம் நடத்துகிற தேசியப் போட்டி. 14, 17, 19 என்று வயதுப் பிரிவு. கீழ்ப்படியில் செலவு பெரிதாக இல்லை. குறுவட்டப் போட்டிக்கு எங்கள் பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறிப் போய் வந்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. (பையன்கள் டீம் என்றால் அங்கேயே செலவு தொடங்கிவிடும்.) மாவட்டப் போட்டி அண்ணா விளையாட்டு அரங்கத்தில், உள்ளூர். வீட்டுச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போனார்கள். ஃபைனலில் மூன்றாவது செட்டில் ஜெயித்தார்கள். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். நான் கேலரியில் நின்று கை தட்டினேன். பி.டி. டீச்சரும் கை தட்டினார். ஆனால் நான்கு தட்டு தட்டிவிட்டு அவர் கை நின்றுவிட்டது.

அன்றைக்குத் தோற்றிருந்தால் பள்ளிக்கு மேற்கொண்டு ஒரு பைசா செலவில்லை. எங்கள் தொழிலில் வியாபாரம் நன்றாக நடந்தால் கல்லாவில் காசு சேரும். இங்கே ஜெயிக்க ஜெயிக்கக் கடன் சேருகிறது. 41 வருஷத்தில் இப்படி ஒரு பேரேட்டை நான் பார்த்ததில்லை.

மாநிலப் போட்டி தெற்கே தூரத்து மாவட்டம் ஒன்றில் நடந்தது. 12 பிள்ளைகள், டீச்சர், துணைக்கு ஒரு பிள்ளையின் அம்மா, ஆக 14 பேர். கடலூரிலிருந்து விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். ரயிலில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாலேயே திறந்துவிடுகிறது. எங்களுக்குப் போட்டித் தேதி தெரிந்ததோ 6 நாளைக்கு முன்னால். ஆகவே முன்பதிவில்லாத பெட்டி. நான்கு பிள்ளைகள் கழிவறைப் பக்கத்து நடைபாதையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துப் போனார்கள். காலை 7 மணிக்கு இறங்கி, 9 மணிக்கு முதல் மேட்ச்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். எண்ணைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்வது என் தொழிலுக்கு அடுக்காது. விழுப்புரம் பஸ் போக வர 980 ரூபாய். ரயில் 4,060. அந்த ஊருக்குள் போய்வர 420. மூன்று நாள் சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 வீதம் 8,400. ஜெர்சி 12 பேருக்கு 5,400. புதுச்சேரியில் தெரிந்த கடையில் பேரம் பேசித்தான் அந்த விலை. பயிற்சிக்கு வைத்திருந்த பந்துகள் தோல் உரிந்து தேங்காய் நார் போல ஆகிவிட்டதால் புதிதாக இரண்டு பந்து, 3,600. தண்ணீர் கேன், வாழைப்பழம், குளுக்கோஸ், வலிக்கு அடிக்கிற ஸ்பிரே எல்லாம் சேர்த்து 1,150. தகுதிப் படிவம், போட்டோ, ஜெராக்ஸ் 390. மொத்தம் 24,400. தங்குவதற்கு அங்கே ஒரு பள்ளி வகுப்பறை கொடுத்தார்கள், வாடகை இல்லை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் படுத்துக்கொண்டார்கள். ஷூ அவரவர் பாடு.

இந்த 24,400 எங்கிருந்து வந்தது? தலைமையாசிரியர் பள்ளி நிதியிலிருந்து 5,000 கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அவரைக் குறை சொல்லமாட்டேன். பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து 3,000. பெற்றோர் ஆளுக்கு 500 என்று பேசினோம். பத்துப் பேர் கொடுத்து 5,000 வந்தது. மீதி 11,400 டீச்சர் கைக்காசு. அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், வங்கிக் கடன், மாமியாருக்கு மருந்துச் செலவு என்று எல்லாம் உண்டு.

500 ரூபாய் கொடுக்காத இரண்டு பேரில் ஒருத்தி டீமின் அட்டாக்கர், எழும்பிப் பந்தை அடிக்கிறவள். மீனவக் குப்பத்துப் பிள்ளை. மணலில் ஆடி ஆடிக் கால் அப்படி எழும்பும். பணம் கேட்ட மறுநாளிலிருந்து மூன்று நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. வயிற்று வலியாம். என் பேத்திதான் வீட்டில் வந்து, "தாத்தா, அவளுக்கு வயித்து வலி இல்ல, அவங்க அப்பா கடலுக்குப் போயி பத்து நாள் ஆச்சு" என்று சொன்னாள்.

வெளியூரிலிருந்து இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அது எல்லாருக்கும் தெரியும், அதற்கு நிவாரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நாள்காட்டியில் அச்சடிக்காத இன்னொரு தடைக்காலம் இருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றதும் எங்கள் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். கூண்டு ஏறினால் படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் அந்த வீட்டில் உலை வைப்பதே யோசித்து வைப்பதுதான். மேல்படிப் போட்டிகள் சரியாக அந்த நாட்களில்தான் வருகின்றன. கடலோரப் பள்ளிகளின் நல்ல ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள். போட்டி அட்டவணை போடுகிறவர்கள் வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாதத்தில் 500 என்பது மற்ற மாதத்து 500 இல்லை.

டீச்சர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய், "காசு விஷயத்தை நான் பாத்துக்கறேன், நீ நாளைக்கு கிரவுண்டுக்கு வந்தா போதும்" என்று அழைத்து வந்தார். தை பிறந்து கடல் தெளிந்த பிறகு அவள் அம்மா ஒருநாள் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் இரண்டு கிலோ சங்கரா மீனை வைத்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டாராம். டீச்சர் என்னிடம் வந்து, "ஐயா, இதை எந்தக் கணக்குல எழுதுவீங்க?" என்று கேட்டார். வரவில் எழுதினேன். 'மீன் வகையில்' என்று.

போட்டிக்கு வருகிறேன். முதல் இரண்டு மேட்ச் ஜெயித்தார்கள். இரண்டாம் நாள் காலை டிபன். மேட்ச் ஆடுகிற பிள்ளைகள் கொறித்துவிட்டு எழுந்திரிக்க மாட்டார்கள். ஆறு இட்லி, அதன்மேல் ஒரு தோசை என்பது சாதாரணம். அன்றைக்கு ஓட்டலில் டீச்சர் பர்ஸைத் திறந்து விரலால் நோட்டுகளைத் தள்ளித் தள்ளி எண்ணுவதை என் பேத்தி பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பக்கத்தில் இருந்தவளின் காதில் சொல்லியிருக்கிறாள். அது பந்தி முழுக்கப் போய்விட்டது. நான்கு இட்லி ஆனதும் வரிசையாக எல்லாரும் "போதும் மிஸ்" என்று இலையை மடித்துவிட்டார்கள். டீச்சர் திட்டியும் ஒருத்தியும் அசையவில்லை. இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பேத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்.

அன்று காலிறுதியில் தோற்றார்கள். இட்லி குறைந்ததால் தோற்றார்கள் என்று சொல்லவரவில்லை. எதிர் டீமில் ஒரு உயரமான பெண் வலைக்கு மேலே கையை வைத்தாள் என்றால் பந்து எங்கள் பக்கமே திரும்பிவிட்டதாம். நன்றாக ஆடியவர்கள் ஜெயித்தார்கள். எனக்குப் போன் வந்தபோது மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தி அழுதுகொண்டே, "தாத்தா, போயிடுச்சு" என்றாள். உண்மையைச் சொல்கிறேன் ஆசிரியர் அவர்களே, என் மனசில் முதலில் ஓடியது 'ஒரு நாள் சாப்பாடு 2,800 மிச்சம்' என்பதுதான். அதற்குப் பிறகுதான் அவள் அழுகிறாள் என்பது உறைத்தது. ஊருக்குத் திரும்பியதும் டீச்சரும் அதையேதான் சொன்னார். "நல்லவேளை ஐயா, காலிறுதியோட நின்னுச்சு. இன்னும் ஒரு மேட்ச் ஜெயிச்சிருந்தா..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் பிள்ளைகள் தோற்றதற்கு ஒரு ஆசிரியர் நல்லவேளை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இனி ரசீது கதை. செலவழித்ததைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், ரசீது இணைக்க வேண்டும் என்றார்கள். டீச்சர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், ஓட்டல் சீட்டு, பேப்பர் துண்டில் எழுதிய டீக்கடைக் கணக்கு. இரவு 11 மணி வரை வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாகப் பசை போட்டு ஒட்டினோம். விழுப்புரம் பஸ்ஸில் 14 பேருக்கும் சேர்த்துக் கண்டக்டர் அடித்துக் கொடுத்த டிக்கெட்டை எடுத்தேன். வெறும் வெள்ளை. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து இருந்த தடம் மட்டும் தெரிந்தது. இப்போதைய மிஷின் டிக்கெட் சூட்டில் அச்சாகிறது, அதே சூட்டில் அழிந்தும் போகிறது. பர்ஸில் வைத்து வெயிலில் நாலு நாள் அலைந்தால் முடிந்தது. 490 ரூபாய்க்கு நான் அத்தாட்சியாக ஒட்டியது ஒரு வெற்றுத் தாள். இதைப் படிக்கிற பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: டிக்கெட் கைக்கு வந்த அன்றே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள், அல்லது ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள்.

பிளாட்பாரத்தில் வாங்கிய பொங்கலுக்கு ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேட்டுக் காகிதம் ஒருமுறை திரும்பி வந்தது. எந்த அலுவலகம், எந்த மேஜை என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரும் என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர். அவர் தலைக்கு மேல் தணிக்கை இருக்கிறது. பயணமும் சாப்பாடும் மட்டும் 13,860 கேட்டிருந்தோம். ஏழு மாதம் கழித்து 5,880 வந்தது.

நான் பத்தாவது படித்த 1973-ல் பள்ளி பூப்பந்து டீமில் ஆடினேன். அந்த மஞ்சள் கம்பளிப் பந்தை இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். வேலூரில் ஒரு போட்டிக்கு மீட்டர் கேஜ் ரயிலில் விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகப் போனோம். எங்கள் டிரில் மாஸ்டர் இடுப்பில் ஒரு சுருக்குப்பை கட்டியிருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் பள்ளி ரைட்டரிடம் முன்பணம் வாங்கி, அதில் போட்டுக்கொண்டு வந்தார். ரயிலுக்குத் தலைமையாசிரியர் முத்திரை போட்ட சலுகைப் படிவம். திரும்பி வந்து மீதிச் சில்லறையை மேஜையில் கொட்டி எண்ணி ஒப்படைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் பள்ளிக்குக் கட்டுகிற சம்பள ரசீதில் 'விளையாட்டு' என்று தனியாக ஒரு வரி இருக்கும். அன்றைக்கு அரசாங்கம் இன்றைக்கு இருப்பதைவிடப் பணக்கார அரசாங்கம் இல்லை. வழக்கம் மட்டும் வேறு: முதலில் பணம், பிறகு கணக்கு.

எங்கள் மண்டியில் இன்றும் அதுதான் வழக்கம். சரக்கேற்றிக்கொண்டு லாரி கிளம்புமுன் டிரைவருக்கு டீசலுக்கும் பேட்டாவுக்கும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம். 'நீ உன் காசில் போய் வா, பில் கொண்டுவா, ஏழு மாதத்தில் பாதி தருகிறோம்' என்றால் எந்த டிரைவர் சாவியைத் தொடுவார்? மல்லாட்டை மூட்டைக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு மாவட்டத்தின் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு போகிற 12 பிள்ளைகளுக்கு இல்லை.

முடியாத காரியமா என்றால் இல்லை. 2023 செப்டம்பர் 15-லிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் தவறாமல் வருகிறது. என் மகளுக்கும் வருகிறது. இந்த டீச்சரே தேர்தல் வேலைக்குப் போனால் வாக்குச்சாவடியிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு படியைக் கையில் கொடுக்கிறார்கள். கோடிப் பேருக்கு அனுப்பத் தெரிந்த கைக்கு, மாவட்டத்தில் ஜெயித்த சில பள்ளிகளின் கணக்கில் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் பணம் போடுவது பெரிய வித்தை ஆகாது.

விளையாட்டுக்குப் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 25,000 வரை விளையாட்டு மானியம் உண்டு. அது சாமான் வாங்க. அந்தத் திட்டப் பணமே 2024-25-ல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது தனிக் கதை. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் முதலிடம் பெறுகிற தனிநபருக்கு ஒரு லட்சம், குழு ஆட்டத்தில் தலா 75,000. நல்ல விஷயம், எங்கள் பிள்ளைகள் அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லித்தான் பயிற்சிக்கு எழுந்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது நம் பிள்ளைகள் 98 பதக்கம் வாங்கி இரண்டாம் இடம் வந்தார்கள். மேடை ஏறியவர்களுக்குப் பரிசு கொடுக்க மனசும் பணமும் இருக்கிறது. மேடை இருக்கிற ஊருக்கு பஸ் ஏற்றிவிடத்தான் ஆள் இல்லை.

ரயில் சலுகையையும் சொல்லவேண்டும். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகிற விளையாட்டு வீரர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் தூங்கும் வகுப்பிலும் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச் 20-லிருந்து, கொரோனா பரவுகிறது, ஜனங்கள் பயணத்தைக் குறைக்கட்டும் என்று மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளி தவிர மற்றவர்களின் சலுகைகளை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. நிறுத்தியது நிறுத்தியதாகவே நிற்கிறது. அந்தச் சலுகை இருந்திருந்தால் எங்கள் 12 பிள்ளைகளின் ரயில் செலவு 3,480-ல் 2,610 குறைந்திருக்கும். நம் பாராளுமன்ற உறுப்பினர் கேட்கவேண்டிய கேள்வி இது.

எங்கள் முதலாளியின் தம்பி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் இதைச் சொன்னேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கே வாசலில் டிக்கெட் விற்கிறார்கள், சீசன் முடிந்து நடக்கிற நாக்-அவுட் போட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதும், பல மாநிலங்களில் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெரும்பாலும் அந்த டிக்கெட் பணத்தில்தான் ஓடுகிறது என்றான். அப்படியும் அங்கே சிறிய ஊர்ப் பள்ளிகள் தூரத்து ஊருக்கு பஸ் பிடிக்கக் கார் கழுவியும் கேக் விற்றும் வசூல் செய்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் டிக்கெட் போட்டால் அதையும் ஆடுகிற பிள்ளையின் அப்பாவேதான் வாங்கவேண்டும்.

ஆனால் வசூல் நமக்குத் தெரியாத கலை இல்லை. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் எங்கள் கடற்கரைக் குப்பங்களில் கபடி, வாலிபால் டோர்னமென்ட் நடக்கும். ஒரு வாரத்தில் பையன்கள் நோட்டீஸ் அடித்து, ஐஸ் பேக்டரி, படகுக்காரர், பந்தல்காரர், வார்டு பிரமுகர் என்று எல்லார் பெயரும் போட்டுப் பணம் திரட்டிவிடுவார்கள். முதல் பரிசு இன்னார் உபயம், சுழற்கோப்பை இன்னார் நினைவாக, மைக்செட் இன்னார். ராத்திரி விளக்குப் போட்டு விடிய விடிய ஆட்டம். பஸ் டிக்கெட்டுக்கு உபயம் என்று யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. கோப்பையில் பெயர் பொறிக்கலாம், வகுப்பறைச் சுவரில் கல்வெட்டு வைக்கலாம். முன்பதிவில்லாத பெட்டி டிக்கெட்டில் எங்கே பெயர் போடுவது?

பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது, சிப்காட் இருக்கிறது, சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆட்சியர் அவர்கள் ஒருநாள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி, மாவட்டத்துக்கு என்று சிறிய சுழல்நிதி ஒன்றை உண்டாக்கலாம். நிதி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கு 25,000 முன்பணம் என்றால் 20 பள்ளிகளுக்கு 5 லட்சம். அரசு மானியம் எப்போது வருகிறதோ அப்போது அதை நிதியில் திருப்பிக் கட்டிக்கொள்ளட்டும். மண்டியில் இதற்குப் பெயர் கைமாற்று. சீசனுக்கு முன்னால் விதைக்கு வாங்கி அறுவடையில் கட்டுகிற விவசாயியை நாங்கள் வருஷந்தோறும் பார்க்கிறோம்.

அதோடு, போட்டித் தேதியை ஒரு மாதம் முன்னால் சொல்லட்டும். மழை வந்து தள்ளிப்போனால் போகட்டும், அது யார் கையிலும் இல்லை. பிளாட்பாரத்துச் சாப்பாட்டுக்குப் பில் கேட்காமல், ஆளுக்கு இவ்வளவு என்று வைத்து டீச்சரும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஒரு உத்தரவு போடட்டும். யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்று பயமிருந்தால் வரவு செலவைப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். பெற்றோர் பார்ப்பார்கள். நான்கு இட்லியா ஆறு இட்லியா என்று பிள்ளைகளே சாட்சி சொல்வார்கள்.

இந்த ஆண்டும் எங்கள் பிள்ளைகள் குறுவட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு, இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். அந்த அட்டாக்கர் பெண்ணும் டீமில் இருக்கிறாள். மாவட்டப் போட்டிக்குத் தேதி இன்னும் வரவில்லை. டீச்சர் புதுப் பிளாஸ்டிக் கவர் ஒன்று எடுத்து வைத்துவிட்டதாகப் போன வாரம் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடலூர் சுற்றுவட்டாரத்தில் எந்த அரசுப் பள்ளி பி.டி. ஆசிரியருக்காவது இந்தப் பயணக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால், முதுநகர் மண்டித் தெருவில் வந்து கணக்குப்பிள்ளை என்று கேட்டால் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. பசையும் வெள்ளைத் தாளும் என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை,
கடலூர் முதுநகர்.

(பேத்தி அதே பள்ளியில்தான் படிக்கிறாள், டீச்சரும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)